ஸ்பானிஷ் வெர்பும் மணியும்: ரெண்டு வருஷத்துக்கு மேல படிச்சதுல எது உதவுச்சு

ஸ்பானிஷ் கத்துக்க எந்த ஆப் நல்லதுன்னு கேக்குறவங்களுக்கு இப்பல்லாம் நான் சொல்ற பதில் ஒண்ணுதான், ஆப் எதுவேணா வச்சுக்கோங்க, ஆனா இங்கிலீஷ் வழியா யோசிக்காதீங்க, தமிழ்ல இருந்து நேரா போங்க. ரெண்டு வருஷத்துக்கு மேல விட்டு விட்டு படிச்சிட்டு இருக்கேன், இன்னும் பிகினர் லெவல் தாண்டி கொஞ்சம்தான் வந்திருக்கேன், ஆனா காலைல எந்திரிச்சதுல இருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் என்ன பண்றேன், எத்தன மணிக்கு பண்றேன்னு தடுமாறாம சொல்ல முடியுது.

முதல்ல ஆப். நான் ஆரம்பிச்சது ஸ்ட்ரீக் வைக்கிற, அதாவது எத்தன நாள் விடாம படிச்சோம்னு எண்ணிக் காட்டுற டைப் ஆப் ஒண்ணுல (பேர் வேணாம்). ஜாலியாதான் இருக்கும், பாயின்ட் ஏறும், ஆனா 'மே லெவாந்தோ'ன்னா நான் எந்திரிக்கிறேன், அதுல அந்த 'மே' எதுக்குன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல. இங்கிலீஷ்ல தேடினா "நான் என்னையே எழுப்பிக்கிறேன்"ங்கிற மாதிரி விளக்கம், படிச்சா இன்னும் கொழப்பம்.

தமிழ்ல பாத்தா இது நமக்கு பழக்கமான விஷயம்தான். தலை சீவிக்கிறேன், டிரஸ் போட்டுக்கிறேன், படுத்துக்கிறேன்னு சொல்றோம்ல, அந்த 'க்கிறேன்' பண்ற வேலையத்தான் பெரும்பாலும் இந்த 'மே' பண்ணுது. அதே வரிசையில மே பெய்னோ, மே விஸ்தோ, மே அக்வெஸ்தோ. 'க்கிறேன்' ஒட்டாத எடத்துல எந்திரி–எழுப்பு, குளி–குளிப்பாட்டு ஜோடிய ஞாபகம் வச்சுக்கோங்க. மே துச்சோன்னா நான் குளிக்கிறேன், 'மே'வ எடுத்துட்டு துச்சோன்னு சொல்லிட்டு பின்னாடி கொழந்தைய சேத்தா கொழந்தைய குளிப்பாட்டுறேன். மே தெஸ்பியெர்தோன்னா நான் முழிக்கிறேன், 'மே' இல்லாம சொன்னா வேற யாரையோ எழுப்புறேன். இத புரிஞ்சிக்கிட்டப்புறம் இந்த வகை வெர்ப் மொத்தமா பயம் போயிடுச்சு. இன்னொன்னு, பல்லு வெளக்குறத 'மே லாவோ லோஸ் தியெந்தேஸ்'னு சொல்லுவாங்க, 'என் பல்லு'ன்னு வராது. நாமளும் என் பல்லை வெளக்குறேன்னா சொல்றோம்? சாப்பாட்டு வெர்புக்கு (தெஸயூனோ, அல்முவேர்ஸோ, ஸேனோ, அதாவது காலை, மத்தியானம், ராத்திரி சாப்பிடுறேன்) 'மே' வேணாம்.

நான், நீங்கிறத தனியா சொல்லவும் தேவையில்ல, போறேன்னாலே நான்னு தெரியுற மாதிரி கடைசி எழுத்தே சொல்லிடும். நான் லெவாந்தோ, நீ லெவாந்தாஸ், அவன் லெவாந்தா, நாங்க லெவாந்தாமோஸ். நடுவுல உயிரெழுத்து மாறுற வெர்ப்தான் கொஞ்சம் படுத்தும், தெஸ்பெர்தார் தெஸ்பியெர்தோ ஆகுது, அகொஸ்தார் அக்வெஸ்தோ ஆகுது, ஆனா 'நாங்க'வுக்கு வரும்போது மறுபடி தெஸ்பெர்தாமோஸ், அகொஸ்தாமோஸ். அழுத்தம் வேர் மேல விழுந்தா மாறும், விகுதிக்கு தள்ளிப் போனா மாறாது, அவ்ளோதான் ரூல். இத மனப்பாடம் பண்ண அங்கி (Anki)ங்கிற ஃப்ளாஷ்கார்டு ஆப் வச்சுக்கிட்டேன், கம்ப்யூட்டர்லயும் ஆண்ட்ராய்டுலயும் ஃப்ரீ, ஐபோன்ல காசு. டேபிள் டேபிளா போடாம, கார்டு முன்பக்கம் "ஆறரைக்கு எந்திரிக்கிறேன்"னு தமிழ், பின்பக்கம் ஸ்பானிஷ், அப்படி போட்டேன். சந்தேகம் வந்தா ஸ்பெயின் ராயல் அகாடமியோட ஆன்லைன் டிக்‌ஷனரி இருக்கு, அதுலயே வெர்ப் டேபிள் முழுசா வரும். ஸ்பெயினுக்கு போற ஐடியா இல்லாதவங்க 'வொசோத்ரோஸ்' (பல பேர பாத்து 'நீங்க எல்லாரும்'னு சொல்றது) வரிசைய தாராளமா ஸ்கிப் பண்ணலாம், லத்தீன் அமெரிக்காவுல அது பேச்சுல இல்ல.

மணிதான் எனக்கு அதிக டைம் எடுத்துச்சு. ஒரு மணிக்கு மட்டும் 'எஸ் லா ஊனா', ரெண்டுல இருந்து 'சோன் லாஸ் தோஸ்', கால் ஆனா 'இ க்வார்தோ', அரை ஆனா 'இ மேதியா', இது வரைக்கும் ஏழே கால், ஏழரை மாதிரியே போகும். முக்கால் வந்தா மாட்டிக்குவோம், ஏன்னா நாம ஏழே முக்கால்னு ஏழுல நிக்கிறோம், ஸ்பெயின்காரங்க எட்டுக்கு தாவிட்டு அதுல கால் கொறைக்கிறாங்க, 'லாஸ் ஓச்சோ மேனோஸ் க்வார்தோ'. மெக்சிகோ பக்கம் 'உன் க்வார்தோ பாரா லாஸ் ஓச்சோ'ன்னு, எட்டுக்கு இன்னும் கால் இருக்குங்கிற மாதிரி. வாய்ல வரலன்னா 'சியேதே க்வாரெந்தா இ சின்கோ'ன்னு நம்பராவே சொல்லிடுங்க, எல்லா ஊர்லயும் புரியும். "எத்தன மணிக்கு"ன்னு வரும்போது சோன் போயி 'அ லாஸ்' ஆகிடும், மே லெவாந்தோ அ லாஸ் சேய்ஸ், ஆறு மணிக்கு எந்திரிக்கிறேன்.

அப்புறம் பாடத்துல வர்ற டயலாக்ல எல்லாரும் மத்தியானம் ரெண்டரை மூணுக்கு சாப்பிடுவாங்க, ராத்திரி ஒம்பது பத்துக்கு டின்னர். நெஜமாவே ஸ்பெயின்ல அப்படித்தான். 1940ல ஃப்ராங்கோ ஆட்சியில கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி ஜெர்மனி டைமோட சேத்தாங்க, திரும்ப மாத்தவே இல்ல. ஜூன் மாசம் மாட்ரிட்ல சூரியன் மறையவே ஒம்பதே முக்கால் ஆகிடும், அதனால எட்டு மணிய அங்க 'தே லா தார்தே', அதாவது சாயங்காலம்னு சொல்றது சகஜம். இது தெரியாம ராத்திரி, சாயங்காலம்னு மனப்பாடம் பண்ணா ஒட்டாது. ஸ்பெயின் ரேடியோ கேட்டீங்கன்னா மணி சொல்லிட்டு "கனாரியாஸ்ல ஒரு மணி கம்மி"ன்னு சேத்து சொல்லுவாங்க, அந்த தீவுங்களுக்கு டைம் வேற, மணி காதுல ஏற இத விட நல்ல பிராக்டிஸ் நான் பாக்கல.

கேக்குறதுக்கு யூடியூப்ல ட்ரீமிங் ஸ்பானிஷ்னு ஒரு சேனல், அதுல சூப்பர் பிகினர் வீடியோவுல இருந்து ஆரம்பிங்க, படம் வரைஞ்சு கைய ஆட்டி மெதுவா பேசுவாங்க, ஃப்ரீயாவே நெறைய இருக்கு. ஆனா கேட்டா மட்டும் பேச்சு வராது, அதுக்கு தனியா வாய் தொறந்தாகணும், நான் குளிக்கும்போது குளிக்கிறேன்னு சொல்லிட்டே குளிக்கிறேன், வீட்ல பழகிட்டாங்க.

இப்ப பாஸ்ட் டென்ஸ் ஓடுது. மே லெவாந்தோன்னு 'வா'வ அழுத்தினா நான் எந்திரிக்கிறேன், செ லெவாந்தோன்னு கடைசி 'தோ'வ அழுத்தினா அவன் எந்திரிச்சான், தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். அதனால பழைய கார்டு எல்லாத்துலயும் ஆடியோ சேத்துட்டு இருக்கேன், புதுசா ஆரம்பிக்கிறவங்க மொத நாள்லயே சேத்துடுங்க.