எந்த நாயின் கடி பெரிது? ராட்வீலர், பிட்புல், அல்சேஷன், கங்கால்: ஓர் ஒப்பீடு

தென்காசிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் என் சித்தப்பா மகன் போன மாதம் ஒரு படம் அனுப்பினான். பத்து நாய்கள், பக்கத்தில் பத்து எண்கள். உச்சியில் துருக்கி நாட்டுக் கங்கால், 743 பி.எஸ்.ஐ. கீழே ராட்வீலர் 328, அல்சேஷன் 238, பிட்புல் 235. “அண்ணே, தேங்காய்த் திருட்டு தாங்க முடியல. இதுல எது வாங்கலாம்னு சொல்லுங்க” என்று கேட்டிருந்தான்.

ஒரே வரியில் பதில் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. இந்தப் பட்டியல் வீடு வீடாகப் போகிறது. இதைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும் உண்டு, இதைப் பார்த்தே குட்டி வாங்குகிறவர்களும் உண்டு. அதனால் அந்த எண்களிலிருந்தே தொடங்குகிறேன்.

எண்கள் எங்கிருந்து வந்தன

ராட்வீலர், அல்சேஷன், பிட்புல் எண்கள் மூன்றும் நிஜமாக அளந்தவை. 2005-இல் நேஷனல் ஜியாக்ரஃபிக் தொலைக்காட்சிக்காக பிராடி பார் என்ற ஆய்வாளர் அளந்தார். நாய்களுக்குக் கடிப்பயிற்சி கொடுப்பவர்கள் கையில் மாட்டிக்கொள்ளும் தடித்த உறைக்குள் ஓர் உணர்கருவியை வைத்து, நாய்களைக் கடிக்கவிட்டார். ராட்வீலர் 328 பவுண்டு, அதாவது சுமார் 149 கிலோ எடைக்குச் சமமான விசை. அல்சேஷன் 108 கிலோ, பிட்புல் 107 கிலோ.

ஆனால் இனத்துக்கு ஒரே ஒரு நாயைத்தான் அவர் அளந்தார். மூன்று ஊரிலிருந்து ஊருக்கு ஒருவரைக் கூப்பிட்டு இளவட்டக்கல்லைத் தூக்கச் சொல்லிவிட்டு, இந்த ஊர்க்காரர்கள்தான் பலசாலிகள் என்று தீர்ப்பு எழுதினால் யாராவது ஒப்புக்கொள்வோமா? அந்த மூன்று நாய்களைப் பற்றி அந்த எண்கள் சொல்வது சரி. மூன்று இனங்களைப் பற்றி அவை எதையும் சொல்லவில்லை.

இன்னொரு கோளாறும் இருக்கிறது. அவர் அளந்தது விசை, பவுண்டுக் கணக்கில். பட்டியல் போட்டவர்கள் அதைப் பி.எஸ்.ஐ. ஆக்கிவிட்டார்கள். பி.எஸ்.ஐ. என்பது அழுத்தம்: ஒரு சதுர அங்குலத்தில் எவ்வளவு விசை இறங்குகிறது என்ற கணக்கு. அரிசி மூட்டையைப் பலகைமேல் வைத்தால் பலகைக்கு ஒன்றும் ஆகாது. அதே பாரத்தைக் கோணி ஊசியின் நுனியில் இறக்கினால் துளைத்துக்கொண்டு போகும். நாயின் கோரைப்பல் நுனி சில சதுர மில்லிமீட்டர்தான். எந்தப் பல், எவ்வளவு பரப்பு என்று சொல்லாத பி.எஸ்.ஐ. எண்ணுக்குப் பொருளே இல்லை. கங்காலின் 743 அப்படி ஓர் எண். அதற்குப் பின்னால் காட்டுவதற்கு ஓர் அளவீடு கிடையாது. ஆனாலும் எல்லாப் பட்டியலிலும் அதுதான் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது.

ஆய்வுக்கூட அளவுகளைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 1995-இல் வெளியான ஓர் ஆய்வில் 22 நாய்களை, தோல் சுற்றிய கருவியைக் கடிக்கவைத்து அளந்தார்கள். கிடைத்தது 13 நியூட்டனிலிருந்து 1,394 நியூட்டன் வரை. நம் கணக்கில் ஒன்றே கால் கிலோவிலிருந்து 142 கிலோ வரை. சராசரி 26 கிலோதான். கடிக்கிற நாய் முழு பலத்தையும் போட்டுக் கடிப்பதில்லை, எவ்வளவு தேவையோ அவ்வளவு கடிக்கிறது. 2008-இல் வந்த இன்னோர் ஆய்வில் நாய்களுக்கு மயக்க மருந்து கொடுத்து, தாடைத் தசையை மின்சாரத்தால் தூண்டி அளந்தார்கள். கோரைப்பல்லில் 15 முதல் 94 கிலோ வரை. பின்னால் இருக்கும் கடைவாய்ப்பல்லில் 58 முதல் 348 கிலோ வரை.

அதே நாய்கள், அதே தாடைகள். பல் மாறினால் எண் நாலு மடங்கு ஆகிறது. பாக்குவெட்டி பிடித்தவர்களுக்கு இது புதிதல்ல. பாக்கை நுனியில் வைத்தால் கை வலிக்கும், ஆணிக்குப் பக்கத்தில் தள்ளி வைத்தால் ‘டக்’கென்று உடையும். நாயின் தாடையும் அதே நெம்புகோல்தான். ஆக, எந்தப் பல்லில் அளந்தார்கள் என்று சொல்லாமல் இரண்டு நாய்களை ஒப்பிடுவதில் பயனில்லை.

சரி, நேருக்கு நேர் வைத்தால்?

உடலமைப்பை மட்டும் வைத்துச் சொல்லலாம். கடியின் பலத்தைத் தீர்மானிப்பது தலையின் அளவும், தாடைத் தசையின் பருமனும், முகத்தின் நீளமும். இனத்தின் பெயருக்கு அதில் தனிப் பங்கு எதுவும் இல்லை.

ஆண் ராட்வீலர் 50 கிலோவை ஒட்டி இருக்கும், அகன்ற மண்டை. ஜெர்மனியின் ராட்வைல் ஊர்க் கசாப்புக்காரர்கள் மாடு ஓட்ட வளர்த்த நாய் அது. கங்கால் அதைவிடவும் கனக்கும். அல்சேஷன் 30 முதல் 40 கிலோ, நீண்ட மூஞ்சி. அசல் அமெரிக்கப் பிட்புல் டெரியரோ பெரும்பாலும் 16 முதல் 27 கிலோதான். நம்மூர் ராஜபாளையம் நாயின் எடையை ஒட்டித்தான் வரும். எடையையும் தலையையும் பார்த்தால் கங்காலும் ராட்வீலரும் முன்னே நிற்கும், அல்சேஷன் நடுவில், பிட்புல் அதற்குப் பின்னால். உலகத்திலேயே பலமான கடி பிட்புல்லுக்குத்தான் என்ற பேச்சு இந்த இடத்திலேயே அடிபட்டுப் போகிறது.

அப்படியானால் பிட்புல் கடித்தால் ஏன் அவ்வளவு சேதம்? பிட்புல்லுக்குத் தாடையில் பூட்டு இருக்கிறது, கடித்தால் அது தானாக விழுந்துவிடும் என்று சொல்கிறார்களே? அப்படி ஓர் உறுப்பு எந்த நாய்க்கும் கிடையாது. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லேர் பிரிஸ்பின் மண்டையோடுகளையும் தாடைகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, மற்ற நாய்களின் தாடைக்கும் பிட்புல்லின் தாடைக்கும் இயங்கும் விதத்தில் வேறுபாடே இல்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார். வித்தியாசம் எலும்பில் இல்லை, பிடிவாதத்தில் இருக்கிறது. எருதையும் நாயையும் எதிர்க்கவிட்டு வேடிக்கை பார்த்த மனிதர்கள், பிடித்ததை விடாத நாய்களாகப் பொறுக்கிப் பொறுக்கி இனம் சேர்த்தார்கள். அல்சேஷன் கடித்துவிட்டுப் பின்வாங்கும் நேரத்தில் இது பிடித்துக்கொண்டு உலுக்கும். புண்ணைப் பெரிதாக்குவது அந்த உலுக்கலும் இழுப்பும்தான். கிலோக் கணக்கை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்: பெரிய நாய், பலமான நாய், விடாத நாய் தவறினால் நடப்பது பெரிய விபத்து. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர்கள் ஐந்து வயதுக் குழந்தையைக் குதறியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். சங்கிலியும் இல்லை, வாய்மூடியும் இல்லை. அத்தனை கனமான நாயை அப்படிப் பொது இடத்தில் விடுவதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. ஆனால் ‘தவறினால் என்ன ஆகும்’ என்பதும் ‘எது தவறும்’ என்பதும் வேறு வேறு கேள்விகள். முதல் கேள்விக்கு உடம்பின் அளவு பதில் சொல்லும். இரண்டாவதற்கு இனத்தின் பெயர் மிகக் கொஞ்சமே சொல்லும். 2022-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த பெரிய ஆய்வில் 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தையை ஆராய்ந்தார்கள். ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் உள்ள நடத்தை வேறுபாட்டில் இனத்தால் விளக்க முடிந்தது ஏறத்தாழ 9 சதவீதம்தான். எவ்வளவு எளிதில் சீறும் என்பதில் இனத்தின் பங்கு இன்னும் குறைவு.

2005-இல் பிரான்சின் அமியான் நகரில் உலகின் முதல் பகுதி முகமாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அந்தப் பெண்ணின் முகத்தைக் குதறியது அவர் வீட்டில் வளர்ந்த லாப்ரடார் கலப்பு நாய். குழந்தைகளோடு படுக்கவிடலாம் என்று நாம் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற இனம்.

கங்கால் எப்படிக் காவல் காக்கிறது

பட்டியலில் முதலிடம் பிடித்த நாயின் வேலையைப் பார்ப்போம், ஏனென்றால் தம்பிக்கு வேண்டியதும் காவல்தான். ஆப்பிரிக்காவின் நமீபியாவில் சிவிங்கிப்புலிகள் (சீட்டா) ஆடுகளைத் தூக்குகின்றன என்று பண்ணைக்காரர்கள் அவற்றைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். 1994 முதல் சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு நிதியம் அந்தப் பண்ணைகளுக்குக் கங்காலையும் அதற்கு நெருங்கிய அனடோலியன் நாயையும் கொடுத்துவருகிறது. குட்டியிலிருந்தே ஆட்டு மந்தைக்குள் விட்டு வளர்க்கிறார்கள். புலி வந்தால் நாய் மந்தைக்கும் புலிக்கும் நடுவில் போய் நின்று குரைக்கும். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். ஆடும் தப்பும், புலியும் தப்பும். 743 என்று பேர் வாங்கிய நாய் குரலாலும் நிற்கிற நிலையாலும் பிழைக்கிறது. காவல் என்பது கடி வராமல் பார்த்துக்கொள்வது என்று எனக்கு உறைத்தது இந்தச் செய்தியைப் படித்தபோதுதான்.

நான் நம்புகிற இன்னோர் அளவுகோல்

இயன் டன்பார் என்ற கால்நடை மருத்துவர் கடியை ஆறு படியாகப் பிரித்தார். முதல் படி, சீறும், பல் படாது. இரண்டு, பல் படும், தோல் கிழியாது. மூன்று, ஒரே கடியில் ஒன்று முதல் நாலு துளை, கோரைப்பல்லின் பாதி ஆழத்துக்கும் குறைவு. நான்கில் துளை அதைவிட ஆழம், அழுத்திப் பிடித்ததும் உலுக்கியதும் தெரியும். ஐந்து, அப்படிப் பல கடிகள். ஆறு, உயிர் போவது. இதில் இனமும் இல்லை, பி.எஸ்.ஐ.யும் இல்லை. நாய் தன் பலத்தில் எவ்வளவை அடக்கிக்கொண்டது என்பதை மட்டும்தான் பார்க்கிறது.

அந்த அடக்கம் வருவது குட்டிப் பருவத்தில். கூடப் பிறந்த குட்டியை அழுத்திக் கடித்தால் அது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். தாயைக் கடித்தால் எழுந்து போய்விடும். இப்படித்தான் எவ்வளவு கடிக்கலாம் என்று குட்டி கற்றுக்கொள்கிறது. நம்மூரில் நடப்பதோ வேறு. ஒரு மாதக் குட்டியை அட்டைப்பெட்டியில் வைத்துப் பஸ் ஏற்றுகிறார்கள். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று நாய் வளர்ப்புக்கும் விற்பனைக்குமான 2017-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளே சொல்கின்றன. பாடம் முடியுமுன் பள்ளியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து, அப்புறம் கடிக்கிறது என்றால் குட்டி என்ன செய்யும்?

அதற்குமேல் நம் நம்பிக்கைகள் வேறு. அண்ணம் கறுத்திருந்தால் வீரம் என்று குட்டியின் வாயைத் திறந்து பார்க்கிறார்கள். அது வெறும் நிறம். பச்சைக் கறி போட்டால் வெறி வரும் என்பதற்கு ஆதாரமில்லை. டாபர்மேனுக்கு மூளை வளர்ந்து மண்டையை அழுத்திப் பைத்தியம் பிடிக்கும் என்பது சுத்தக் கட்டுக்கதை. பகலெல்லாம் கட்டிப்போட்டால் நல்ல காவல் நாய் ஆகும் என்பதுதான் இவற்றில் மோசமானது. அமெரிக்காவின் டென்வரில் கடித்த நாய்களையும் கடிக்காத நாய்களையும் ஒப்பிட்டு 1994-இல் ஓர் ஆய்வு வந்தது. கடித்தவற்றில் ஆண் நாய்கள், கருத்தடை செய்யாதவை, முற்றத்தில் சங்கிலியில் கிடந்தவை அதிகம். சங்கிலி நாயைக் கூர்மையாக்குவதில்லை, ஓட வழியில்லாமல் ஆக்குகிறது. ஓட வழியில்லாதது கடிக்கிறது.

தடை போட்டால்?

2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களை விற்கவும் வளர்க்கவும் தடை விதிக்கச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. பிட்புல், ராட்வீலர், கங்கால் எல்லாம் அதில் இருந்தன. அடுத்த மாதமே கர்நாடக, டெல்லி உயர் நீதிமன்றங்கள் அதை ரத்து செய்தன. நெதர்லாந்து 1993-இல் கொண்டுவந்த பிட்புல் தடையை, கடி குறையவில்லை என்று 2008-இல் எடுத்துவிட்டது. பார்வையை வைத்து இனம் சொல்வதே கஷ்டம். ஃபுளோரிடாவின் நாலு காப்பகங்களில் 120 நாய்களை வைத்துச் சோதித்தபோது, ஊழியர்களில் ஒருவராவது பிட்புல் வகை என்று சொன்னவை 62. மரபணுச் சோதனையில் அப்படித் தேறியவை 25. எடைக்கு ஏற்ற சங்கிலி, வாய்மூடி, உரிமம், தவறினால் உரிமையாளருக்குத் தண்டனை: என் ஓட்டு இதற்குத்தான்.

தம்பிக்கு இன்னொன்றும் சொன்னேன். நம் நாட்டில் நாய்க்கடியில் உயிரை எடுப்பது பெரும்பாலும் தாடை இல்லை, எச்சில். பால்பல் விழாத குட்டி கீறினாலும் அதில் ரேபிஸ் இருக்கலாம், அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்ற வழி இல்லை என்றே சொல்லிவிடலாம். அதனால் எந்த நாய் கடித்தாலும், எவ்வளவு சின்னக் கடி என்றாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே தடுப்பூசிக்குப் போக வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டக் கூடாது. ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் (கிருமியை உடனே எதிர்க்கும் மருந்து) போடச் சொல்லிக் கேட்க வேண்டும். ஊசியைப் பாதியில் நிறுத்தவும் கூடாது.

தோப்புக்கு என்ன நாய் என்பதற்கு வருகிறேன். சிப்பிப்பாறையும் கன்னியும் ஓட்டத்துக்கான நாய்கள், முயலைத் துரத்துவதில் இருக்கும் ஆர்வம் வேலியோரம் உட்காருவதில் இருக்காது. ராஜபாளையம் நல்ல காவல், ஆனால் அந்த வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடும் சேர்ந்து வருவதுண்டு. குட்டியின் முதுகுக்குப் பின்னால் கைதட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கோம்பை கெட்டி, நம் வெயிலைத் தாங்கும். அவனுக்கு நான் சொன்னது கோம்பை, இல்லையென்றால் இரண்டு நாட்டு நாய்க் குட்டிகள், இரண்டு மாதம் தாயோடு இருந்தவையாக.

அவன் நாட்டு நாயே எடுத்தான், ஒன்றே ஒன்று, பெட்டைக் குட்டி. மூன்றாம் மாதம் ரேபிஸ் ஊசி போட்டாயிற்று. நேற்று ராத்திரி போனில் பேசும்போது பின்னால் குரைப்புச் சத்தம். “ஒண்ணுமில்லண்ணே, ரோட்டுல யாரோ டிவிஎஸ் வண்டிய நிறுத்துறாங்க” என்றான்.