சாயப்பட்டறை வெந்நீர்: எந்த வழி, எந்த மானியம்?

முதலில் தண்ணீர் சூடாக்கும் மெஷினை வாங்கி மாட்டிவிட்டு, அதன்பிறகு பில்லைத் தூக்கிக்கொண்டு மானியம் கேட்டுப் போகிறவர்கள் இன்னும் நிறைய. சிறு தொழில்கள் எரிசக்தியை மிச்சப்படுத்த மானியம் தரும் தமிழ்நாடு அரசின் ‘பீஸ்’ (PEACE) திட்டத்தில் அந்த பில் செல்லாது. கரண்டும் எரிபொருளும் எங்கே வீணாகிறது என்று பார்க்கும் எரிசக்தித் தணிக்கை நடந்து, அந்த அறிக்கை பரிந்துரைத்த இயந்திரத்துக்குத்தான் பணம். வரிசை மாறினால் லட்சக்கணக்கில் நஷ்டம். ஆகவே மானியத்தையும் மெஷினையும் சேர்த்தே அலசுவோம்.

கணக்குக்கு மதுரையில் சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடும் ஒரு சிறு பட்டறை. நாளுக்கு 2,000 லிட்டர் வெந்நீர். போர் தண்ணீர் 28 டிகிரியில் வருகிறது, ரியாக்டிவ் சாயத்தொட்டிக்கு 60 டிகிரி வேண்டும். ஒரு லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற ஒரு கிலோகலோரி. ஆக 64,000 கிலோகலோரி, கரண்டில் சொன்னால் சுமார் 74 யூனிட்.

கல் அடுப்பில் அண்டா வைத்தால், ஓரளவு ஈரமுள்ள சீமைக் கருவேல விறகு கிலோவுக்கு 3,200 கிலோகலோரி தரும். அதில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தண்ணீருக்குப் போவது கஷ்டம். அப்படியே போனாலும் நாளுக்கு 100 கிலோ. அதே விறகை, குழாய் வைத்து மூடிய வெந்நீர்க் கலனில் எரித்தால் பாதி வெப்பம் தண்ணீருக்கு வரும்: 40 கிலோ போதும். கிலோ 5 ரூபாய் என்று வைத்தால் 500 ரூபாய், 200 ரூபாயாகிறது. தண்ணீர் 100 டிகிரிக்குக் கீழேயே நிற்கும்வரை கொதிகலன் சட்டம் குறுக்கே வராது. நீராவிக்குப் போனால் கதை வேறு. புகையும் சாம்பலும் குறையுமே தவிர, முழுதாகப் போகாது.

ஹீட் பம்ப் காற்றிலுள்ள வெப்பத்தை இழுத்துத் தண்ணீரில் ஏற்றுவது. நம் ஊர் வெக்கையில் ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்றரை யூனிட் வெப்பம் எதிர்பார்க்கலாம். 74 யூனிட் வேலைக்கு 21 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் 170 ரூபாய்க்குள். 10 கிலோவாட் வெப்பத் திறனுள்ளது ஏழெட்டு மணி நேரத்தில் முடித்துவிடும், இழுப்பது 3 கிலோவாட் அளவுதான். கெட்டுப்போவது இரண்டு காரணத்தால். ஒன்று, உப்புத் தண்ணீர்: தண்ணீருக்கு வெப்பத்தைக் கடத்தும் கண்டென்சருக்குள் சுண்ணாம்புப் படிவு ஏறி வெப்பம் கடக்காமல் கம்ப்ரஸர் திணறும். மென்னீராக்கி (சாஃப்ட்னர்) போடாமல் மாட்டவே கூடாது. இன்னொன்றை விற்க வருபவர்கள் சொல்வதே இல்லை: பட்டறைக்குள் ப்ளீச்சிங் பவுடர், ஹைட்ரோஸ் ஆவி படும் இடத்தில் வைத்தால் காற்றிலிருந்து வெப்பத்தை இழுக்கும் காயிலின் அலுமினியத் தகடுகளை அது அரித்துவிடும். வெளியே, காற்றோட்டமாக, தொட்டிகளுக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். மூடிய அறையில் வைத்தால், மெஷின் தானே கக்கிய குளிர்காற்றையே திரும்ப உறிஞ்சிக்கொண்டு நிற்கும்.

சோலார் வெந்நீருக்கு ஓடும் செலவு அநேகமாக இல்லை. ஆனால் 2,000 லிட்டருக்கு 2 சதுர மீட்டர் தகடு 16 முதல் 20 வரை வேண்டும். தண்ணீர் மட்டுமே 2 டன். ஊருக்குள் மரக்கட்டைமேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் கட்டடம் என்றால் பொறியாளரைக் கேட்காமல் ஏற்றாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பட்டறை நிற்காமலிருக்க மாற்று ஏற்பாடும் தேவை.

சோப்புக் கழுவலுக்கு 90 டிகிரிக்கு மேல் வேண்டுமே என்றால், 60 வரை ஹீட் பம்பில் ஏற்றி, மிச்சத்தை விறகுக் கலனில் ஏற்றுங்கள். ஏற்ற வேண்டிய 62 டிகிரியில் பாதிக்கு மேல் ஹீட் பம்பிலேயே முடிந்துவிடும். எங்கள் முதல் தேர்வு இந்தக் கூட்டுதான்.

இனி பணம். ‘பீஸ்’ மாவட்டத் தொழில் மையம் வழியாக வருவது. தணிக்கைச் செலவில் 75 சதவீதம், அதிகபட்சம் 1 லட்சம். பரிந்துரைத்த இயந்திர விலையில் 25 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம். முழுத்தொகையையும் முதலில் நீங்கள் போட வேண்டும், பிறகுதான் திரும்ப வரும்.

மத்திய அரசின் ‘அடீட்டி’ (ADEETIE) திட்டம் 2025 ஜூலையில் வந்தது: 1,000 கோடி ரூபாய், 2027-28 வரை. கையில் காசு தராது. கடன் வட்டியில் குறு, சிறு தொழிலுக்கு 5 சதவீதம், நடுத்தரத்துக்கு 3 சதவீதம் அரசு ஏற்கும். கடன் 10 லட்சம் முதல் 15 கோடி வரை, குறைந்தது 10 சதவீத எரிசக்தி மிச்சம் காட்ட வேண்டும். ஜவுளி உட்பட 14 துறைகளுக்கு உண்டு. ஆனால் முதல் கட்டம் 60 தொழில் தொகுப்புகளுக்கே (ஒரே தொழில் கூடியிருக்கும் பகுதிகள்). உங்கள் தொகுப்பு அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நம் பட்டறைக்கு ஹீட் பம்ப், தொட்டி, குழாய் எல்லாம் 4 லட்சம் என்று வைத்தால், 10 லட்சத்துக்குக் கீழே என்பதால் அடீட்டி வாசலிலேயே நின்றுவிடும். பீஸில் 1 லட்சம் வரும். 20 லட்சம் என்றால் பீஸில் 5 லட்சம். அதே தொகையை அடீட்டிக் கடனாக வாங்கி 5 வருடத்தில் மாதாமாதம் சமமாக அசலை அடைத்தால், வட்டிச் சலுகை சுமார் இரண்டரை லட்சம்தான், ஏனென்றால் அசல் குறையக் குறையச் சலுகையும் குறையும். 80 லட்சத்தை ஒட்டித்தான் இரண்டும் 10 லட்சத்தில் சமமாகும். அதற்குக் கீழே பீஸ், மேலே அடீட்டி. கையில் மொத்தமாகப் புரட்ட முடியாதவருக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறலாம்.

விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் பெயரால். உத்யம் (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) பதிவு மகன் பெயரில், ஈபி இணைப்பு தாத்தா பெயரில், பில் மூன்றாவது பெயரில் இருந்தால் சிக்கல். பெயர் மாற்றத்தைத் தணிக்கைக்கு முன்பே முடித்துவிடுங்கள். ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்குச் சான்று காட்ட முடியாது, வங்கி வழியாகவே கொடுங்கள்.

விறகிலிருந்து மாறுகிறவர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. ஹீட் பம்ப் வந்தபின் ஈபி பில் ஏறத்தான் செய்யும். பில்லை மட்டும் பார்த்தால் எதுவும் மிச்சமான மாதிரி தெரியாது. மிச்சம் இருப்பது விறகில். ஆகவே தணிக்கையாளர் வருவதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே ஒவ்வொரு லோடுக்கும் எடைமேடைச் சீட்டை வாங்கி, வெந்நீர்க் குழாயில் ஒரு மீட்டர் போட்டு, தேதி போட்டுக் குறித்து வையுங்கள்.