தானா கரையுற ஃபிராக் பிளக் வாங்கலாமா? ஒன்றரை வருஷ அனுபவம்

முதல்லயே சொல்லிடுறேன், பிராண்ட் பேரு எழுத மாட்டேன். வித்தவர் நல்ல மனுஷன், இன்னும் மாசம் ஒரு தடவ டோனட் பாக்ஸோட ஆபீஸ் வாசல்ல வந்து நிக்கிறாரு.

நான் இருக்கிறது டெக்சாஸ் மிட்லண்ட். வேலை ஃபிராக்கிங், அதாவது பாறைக்குள்ள தண்ணியும் மணலும் அடிச்சு வெடிப்பு உண்டாக்கி எண்ணெய் எடுக்கிறது. 2017ல நெடுவாசல் போராட்டம் டிவில ஓடினப்ப அம்மா போன் பண்ணி "நீயும் அங்க இதத்தான் பண்றியாடா"ன்னு கேட்டாங்க, அந்தக் கதை இன்னொரு நாள்.

பிளக், அதாவது பைப்புக்குள்ள வைக்கிற அடைப்பான், எதுக்குன்னு தெரியாதவங்களுக்கு: கிணறு ரெண்டு மைல் நேரா கீழ போய் அங்கருந்து படுத்த வாக்குல இன்னும் ரெண்டு மைல் போகும். அந்தப் படுத்த பகுதிய ஒரே மூச்சுல உடைக்க முடியாது, கடைசி முனைலருந்து 200 அடி 200 அடியா பின்னாடி வரணும், ஒவ்வொரு துண்டும் ஒரு ஸ்டேஜ். ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் ஒயர்லைன்ங்கிற கம்பில பிளக்கையும் பெர்ஃபரேட்டிங் கன்னையும் (பைப்புல ஓட்ட போடுற வெடி) கட்டி தண்ணியால தள்ளி உள்ள அனுப்பி, பிளக்கை செட் பண்ணி, கன்னை சுட்டு பைப்புல ஓட்ட போட்டு, கம்பிய வெளிய இழுத்துட்டு, ஒரு பந்தப் போட்டா அது பிளக் மேல போய் உக்காந்து முடிஞ்சுபோன ஸ்டேஜ அடைச்சிடும், அப்புறம் 9000 பிஎஸ்ஐ கிட்ட பிரஷர்ல நிமிஷத்துக்கு 90 பேரல் அடிப்போம். 90 பேரல்னா 14,000 லிட்டருக்கு மேல, சென்னைல வர்ற 12,000 லிட்டர் தண்ணி லாரி ஒரு நிமிஷத்துக்குள்ள காலி.

52 ஸ்டேஜ்னா 51 பிளக், முதல் ஸ்டேஜுக்கு வேணாம். வேலை முடிஞ்சதும் இந்த 51ம் வழிய அடைச்சுட்டு நிக்கும். வழக்கமா போடுறது காம்போசிட், ஃபைபர் கிளாஸ் மாதிரி சமாச்சாரம், காயில் டியூபிங் (ராட்டினத்துல சுத்தி வச்ச நீளமான இரும்புக் குழாய்) இறக்கி ஒண்ணொண்ணா மில் பண்ணி, அதாவது அரைச்சு, எடுக்கணும். இதுல சிக்கல் என்னன்னா காயில் ரொம்ப தூரம் போனா உள்ளயே ஸ்பிரிங் மாதிரி சுருண்டு பைப் சுவத்துல உரசி நின்னுடும், மேலருந்து எவ்ளோ தள்ளுனாலும் முனை நகராது. அந்த எடத்துக்குத்தான் மெக்னீசியம் அலாய்ல செஞ்ச இந்தக் கரையுற பிளக்.

"நாலே நாள்ல கரைஞ்சு காணாம போயிடும், காயிலே வேணாம்"னு சொல்லித்தான் வித்தாங்க. விலையும் காம்போசிட்டை விட நல்லாவே ஜாஸ்தி. நானும் நம்பி ஒரு கிணறு முழுக்க அதையே போட்டேன், தப்பு என்மேலயும் இருக்கு. ரெண்டு வாரம் மூடி வச்சிட்டு திறந்தா மொத ராத்திரியே சோக் (கிணத்துலருந்து வர்ற ஓட்டத்தக் கட்டுப்படுத்துற வால்வு) அடைச்சுகிச்சு. வர்ற பிளக் துண்டுகளப் பிடிக்கிற பிளக் கேட்ச்சரை கழட்டிப் பாத்தா கருப்பா கொழகொழன்னு ரப்பர் உருண்டை, பிளக்கோட சீல்தான் பாதி கரைஞ்சு அல்வா பதத்துல நிக்குது, அதுக்குள்ள பைப்பக் கடிச்சுப் பிடிக்கிற பட்டன் துண்டுங்க பொதிஞ்சு கெடக்கு. அந்த பட்டன் கரையவே கரையாது, அத யாரும் விக்கும்போது சொல்றதில்ல. கடைசில காயில் யூனிட்டையும் கூப்பிட்டோம், ரெண்டு செலவு.

ஏன் கரையலன்னு அப்புறம் யோசிச்சேன். மெக்னீசியம் கரையணும்னா உப்பும் சூடும் வேணும். ஷாப்ல ரெண்டு ஜாடி எடுத்து ஒண்ணுல நல்ல தண்ணி, ஒண்ணுல கிணத்துலருந்து வந்த உப்புத்தண்ணி, ரெண்டுலயும் ஒரே பிளக்லருந்து அறுத்த துண்டு, கிணத்து சூடு 155 ஃபாரன்ஹீட்ல ஓவன்ல வச்சேன். உப்புத்தண்ணி ஜாடில ஈனோ போட்ட மாதிரி நுரை, மூணாம் நாள் அடில சாம்பல் கலர் சேறு மட்டும்தான். நல்ல தண்ணில துண்டு மேல கருத்துப் போச்சு, அவ்ளோதான். (மூடிய இறுக்கி வைக்காதீங்க, வர்றது ஹைட்ரஜன்.) நாங்க அந்தக் கிணத்துல அடிச்சது பூராவும் நல்ல தண்ணி, போதாக்குறைக்கு அவ்ளோ தண்ணி அடிச்சா கிணறே குளிர்ந்துடும், திரும்ப சூடேற நாள் ஆகும். பிரோஷர்ல போட்டிருந்த நாலு நாள் கணக்கு உப்புத்தண்ணிக்கு, அதுவும் நல்ல சூட்டுல.

இதுக்கு நேர் எதிர் லூசியானா பக்கம் ஹெய்ன்ஸ்வில், அங்க 300 ஃபாரன்ஹீட்டத் தாண்டும். சூடு அதிகமானா ஸ்டேஜ் முடியறதுக்குள்ளயே பிளக் பிடி விட்டுடுமோன்னு பயப்படணும். அதனால சூடு, உப்பு ரெண்டையும் சொல்லித்தான் ஆர்டர் பண்ணனும், ஒரே மாடல் எல்லா கிணத்துக்கும் ஆகாது.

அடுத்த பேட்ல (கிணறு தோண்டுற தளம்) புத்தி வந்து முனைப்பக்கம் 18 மட்டும் கரையுறது, மிச்சம் 33 காம்போசிட், அடிச்ச தண்ணியும் ரீசைக்கிள் பண்ண உப்புத்தண்ணி. இந்த தடவ நல்லாவே வேலை செஞ்சுது. பந்து உக்காந்ததும் பிரஷர் பளிச்னு ஏறுச்சு, ஒரு பிளக்கும் நடுவுல நழுவல, காயில் காம்போசிட்ட மட்டும் மில் பண்ணிட்டு முனைக்கு போகாமலே திரும்பிடுச்சு, ஒன்றரை நாள் மிச்சம்.

இன்னொண்ணு, இந்தக் கரையுற பிளக் சீல் பண்ண கவர்ல வரும், இறக்குற நேரம் வரை பிரிக்காதீங்க. எங்க பசங்க ஒருத்தன் முந்தின நாளே நாலு பிரிச்சு வச்சான், ராத்திரி மழை, காலைல வெள்ளையா பூத்துப் போய் கெடந்துச்சு. நாலும் குப்பைக்கு.

என் மார்க் அஞ்சுக்கு மூணரை. அரை மார்க் குறைச்சது அந்த ரப்பருக்கு. காயில் எட்டாத தூரத்துக்கு வாங்குங்க, கிணறு முழுக்கன்னா உங்க தண்ணில ஜாடி டெஸ்ட் பண்ணாம கையெழுத்து போடாதீங்க. போன வாரம் அடுத்த பேடுக்கும் 18தான்னு சொன்னதும் டோனட்காரர் மூஞ்சி சுருங்கிப் போச்சு, ஆனாலும் பாக்ஸ வச்சிட்டுத்தான் போனாரு.