பெயர் ஒட்டாத ஈஸ்ட் பையை வாங்காதீர்கள்

இங்கிலாந்தில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்களுக்காக இது. (1963 முதல் இங்கே அதற்கு உரிமம் தேவையில்லை, அதனால் தயங்காமல் எழுதுகிறேன்.) கேட்ட ஈஸ்ட் இல்லை என்றதும் "இதுவும் அதேதான்" என்று கடைக்காரர் ஒரு வெள்ளைப் பையை நீட்டினால் வாங்காதீர்கள்.

பிட்டர் (லேசான கசப்புள்ள ஆங்கிலேய ஏல் பீர்) காய்ச்ச நான் தேடிப் போனது வைஈஸ்ட் நிறுவனத்தின் 1968 என்ற எண்ணுள்ள திரவ ஈஸ்ட். சர்க்கரை முழுவதையும் தின்று தீர்க்காமல் கொஞ்சம் மால்ட் (முளைகட்டிய பார்லி) இனிப்பை விட்டுவைக்கும். வேலை முடிந்ததும் கெட்டியாக அடியில் படியும். அது தீர்ந்துவிட்டதாம். அதே ரகத்தின் உலர் வடிவம் இருக்கிறது, பெரிய பொட்டலத்திலிருந்து நாங்களே பிரித்துப் போட்டது என்றார். எந்த நிறுவனம், எந்த ரகம் என்று கேட்டதற்கு "இங்கிலீஷ் ஏல் ஈஸ்ட்" என்பதைத் தாண்டிப் பதில் வரவில்லை. பையிலும் அவ்வளவுதான் எழுதியிருந்தது. காலாவதித் தேதி கூட இல்லை.

நொதித்தல் ஒழுங்காகத்தான் போனது. ஆரம்ப அடர்த்தி 1.048 (தண்ணீர் 1.000; ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன இந்த எண் இறங்கும்). 1.014க்கு இறங்கி, சில நாள் கழித்து அளந்தபோதும் அங்கேயே நின்றது. சரி, முடிந்தது என்று வாயு உண்டாவதற்காக லிட்டருக்கு 5 கிராம் சர்க்கரை சேர்த்து பாட்டிலில் அடைத்தேன். முதலில் திறந்தவை நன்றாகவே இருந்தன. வாரங்கள் போகப் போகத்தான் தொல்லை. மூடியைத் திறந்தால் பாதி பீர் நுரையாகச் சுவரில். ஒரு பாட்டில் அலமாரிக்குள்ளேயே வெடித்தது. பக்கத்தில் யாராவது நின்றிருந்தால் கண் போயிருக்கும். மிச்சத்தை வாயு போக ஆற்றி அளந்தால் 1.008. கூடவே கிராம்பு, மிளகு வாசனை. பிட்டரில் அதற்கு என்ன வேலை?

இரண்டும் சேர்ந்து வந்தால் சந்தேகம் டயாஸ்டாட்டிகஸ் என்ற ஈஸ்ட் வகை மேல்தான் போகும். சைசன் என்ற பெல்ஜிய பீருக்கான பல ரகங்கள் இந்த வகை. சாதாரண ஏல் ஈஸ்ட் தொட முடியாத டெக்ஸ்ட்ரின்களை (நீளமான சர்க்கரைச் சங்கிலிகளை) இது ஒரு நொதியைச் சுரந்து உடைத்து, மெதுவாகத் தின்றுகொண்டே இருக்கும், பாட்டிலுக்குள்ளும். அடர்த்தி 2 புள்ளி (0.002) இறங்கினாலே லிட்டருக்குச் சுமார் 4 கிராம் சர்க்கரை கூடுதலாகப் போட்டதற்குச் சமம். இங்கே இறங்கியது 6.

கடையில் போய்ச் சொன்னால், நீங்கள் பாத்திரத்தைச் சரியாகக் கழுவியிருக்க மாட்டீர்கள் என்றார்கள். விடாமல் கேட்டதில் அங்கே வேலை பார்க்கும் பையனே சொல்லிவிட்டான்: சைசன் ஈஸ்டையும் அதே மேசையில், அதே கரண்டியால்தான் அள்ளிப் போடுகிறார்களாம். மிளகாய்த்தூள் அள்ளிய கரண்டியைச் சர்க்கரை டப்பாவில் விட்டது போல. பிரித்த பொட்டலம் ஒன்று கிளிப் மாட்டி அலமாரியில் இருந்ததையும் பார்த்தேன். பிரித்தால் காற்றுப் புகாமல் மூடி 4 டிகிரியில் வைத்து 7 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்பது ஈஸ்ட் தயாரிக்கும் ஃபெர்மென்டிஸ் நிறுவனத்தின் அறிவுரை.

கடைசியில் ஈஸ்டின் விலையை மட்டும் தருகிறேன் என்றார்கள். மால்ட், ஹாப்ஸ், உழைப்பு எல்லாம் என் தலையில். அதற்கும் 30 நாள் தாண்டிவிட்டது, இது சலுகைதான் என்று ஒரு பேச்சு. அது அரை உண்மை. 2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்தில் அந்த 30 நாள், பொருளை உடனே நிராகரித்து முழுப் பணம் கேட்பதற்கான கெடு. அதற்குப் பிறகும் மாற்றுப் பொருள் கேட்கலாம். 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், விற்றபோது அது இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடைதான். இதை எழுத்தில் அனுப்பியிருக்கிறேன்.

1968 கிடைக்காவிட்டால் நெருக்கமானது ஒயிட் லேப்ஸ் நிறுவனத்தின் 002 திரவ ஈஸ்ட். உலர் ஈஸ்ட்தான் வேண்டும் என்றால் லால்ப்ரூ லண்டன்: மால்டோட்ரையோஸ் என்ற மால்ட் சர்க்கரையைத் தொடாது, இனிப்பு நிற்கும், ஆனால் அவ்வளவு சீக்கிரம் படியாது. ஃபெர்மென்டிஸின் எஸ்-04 உலர் ஈஸ்ட் நன்றாகப் படியும், பீர் சற்று இனிப்புக் குறைந்து வறட்சியாக முடியும். எதுவானாலும் நிறுவனமே சீல் வைத்த சிறு பாக்கெட்டாக வாங்குங்கள்.

இப்படிப்பட்ட பையில் ஏற்கெனவே காய்ச்சி அடைத்திருந்தால், கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு எல்லாப் பாட்டில்களையும் இன்றே ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள். நன்றாகக் குளிர்ந்த பிறகு ஒவ்வொன்றாக, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு திறந்து கொட்டிவிடுங்கள்.