ஃபோகா இரண்டு நட்சத்திரம்: பல வருடப் பழக்கத்தில் சொல்கிறேன்

ஃபோகா என்ற பழைய பிரெஞ்சு ஃபிலிம் கேமராவை வாங்கலாமா என்று கேட்பவர்களிடம், முதலில் அதில் எத்தனை நட்சத்திரம் பொறித்திருக்கிறது என்று பார்க்கச் சொல்வேன். ஒன்று என்றால் ரேஞ்ச்ஃபைண்டர் (தூரத்தை அளந்து ஃபோகஸ் செய்ய உதவும் அமைப்பு) கிடையாது, தூரத்தைக் கண்மதிப்பில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். இரண்டில் ரேஞ்ச்ஃபைண்டர் உண்டு. மூன்றில் அதோடு மெதுவான ஷட்டர் வேகங்களும் சேரும். என்னிடம் இருப்பது இரண்டு நட்சத்திரம், பி.எஃப்.2பி என்ற மாடல்.

இதைச் செய்த ஓ.பி.எல். நிறுவனம் அதற்கு முன்பு பிரெஞ்சு ராணுவத்துக்குத் தூரமானிகள் செய்துகொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு கேமராவைச் சந்தைக்குக் கொண்டு வந்தார்கள். காட்சியைப் பார்ப்பதும் ஃபோகஸ் செய்வதும் ஒரே கண்ணாடி வழியாக. அந்தக் காலத்து லைக்காவில் இதற்கு இரண்டு தனித்தனி ஜன்னல், கண்ணை மாற்றி மாற்றி வைக்க வேண்டும். தெருவில் நடக்கிற ஆளைப் படம் பிடிக்கும்போது இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

ஃபிலிம் போடுவதும் சுலபம். பின்மூடியும் அடித்தகடும் ஒன்றாகக் கழன்று வந்துவிடும், ஃபிலிமின் ஓட்டைகள் பற்களில் சரியாக உட்கார்ந்ததா என்று கண்ணால் பார்த்துவிட்டு மூடலாம். சுற்றுவதற்கு நெம்புகோல் இல்லை, திருகுதான். அவசரக்காரர்களுக்கு இது ஒத்துவராது, எனக்குப் பிடித்திருக்கிறது.

லென்ஸ் 50 மி.மீ. ஓப்லார், எஃப் 3.5. துளையை எஃப் 8-க்கு மூடினால் மூலைவரை கூர்மை, கருப்பு வெள்ளையில் சாம்பல் நிறங்கள் அவ்வளவு மென்மையாக வரும். வெயிலுக்கு எதிரே பிடித்தால் படம் வெளிறும், லென்ஸுக்கு வெயில் மறைக்க ஒரு ஹூட் வாங்கிவிடுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். லென்ஸ் மரை 36 மி.மீ., லைக்காவின் 39 மி.மீ. லென்ஸ் எதுவும் இதில் ஏறாது. ஃபோகாவின் சொந்த 35, 90 மி.மீ. லென்ஸ்கள் ஏறும், ஆனால் ரேஞ்ச்ஃபைண்டரோடு சேர்ந்து இயங்குவது 50 மி.மீ. லென்ஸ் மட்டும்தான். பல லென்ஸ் வைத்துப் புழங்குகிற ஆசை இருந்தால் பயனெட் பூட்டு (மரை இல்லாமல், சற்றே திருப்பினால் பூட்டிக்கொள்வது) உள்ள ஃபோகா யூனிவர்செல் மாடலைத் தேடுங்கள், அதற்காகவே வந்தது அது. அதே நிறுவனத்தின் ஃபோகாஸ்போர்ட் வேறு ரகம், லென்ஸைக் கழற்றவே முடியாது, அதிலும் ஒன்றாம் மாடலில் ரேஞ்ச்ஃபைண்டர் இல்லை. பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

வாங்குமுன் பின்மூடியையும் லென்ஸையும் கழற்றி, ஷட்டர் துணியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் பிரிண்ட் போடும்போது வெள்ளைப் புள்ளியாக வந்து நிற்கும். அப்புறம் ஷட்டரை எல்லா வேகத்திலும் தட்டிப் பார்க்க வேண்டும். துணி மாற்றத் தெரிந்த ஆள் கிடைப்பது சிரமம், கிடைத்தாலும் கூலி கேமரா விலையைத் தொடும். பாரிஸுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஜூன் மாதம் பியெவ்ரில் கூடும் பழைய கேமராச் சந்தைதான் நல்ல இடம், கையில் வாங்கி, சுற்றி, தட்டிப் பார்த்து எடுக்கலாம்.