லினக்ஸில் டூம் நன்றாக ஓடுகிறது, பாட்டுதான் பாடாய்ப் படுத்துகிறது

பழைய டாஸ் விளையாட்டுகள் லினக்ஸில் ஓடுமா என்று கேட்பவர்களிடம் தாராளமாக ஓடும் என்றுதான் சொல்வேன். இசைக்கு மட்டும் ஒரு மாலைப்பொழுதைத் தனியே ஒதுக்கி வையுங்கள் என்றும் சேர்த்துச் சொல்லிவிடுவேன். பழைய ஆட்டங்களை இன்றைய கணினியில் ஓட்டித் தரும் சாக்லேட் டூம், குவேக்ஸ்பாசம், ஸ்கம்விஎம், டாஸ்பாக்ஸ் நான்கும் பல ஆண்டுகளாக என் கணினியில் இருக்கின்றன. படம், வேகம், விசைப்பலகை, சேமித்த ஆட்டம் எதிலும் பெரிய குறையில்லை. எரிச்சல் முழுவதும் மிடி இசையால், அதாவது ஒலிக்குப் பதில் வாசிப்புக் கட்டளைகளை மட்டும் வைத்திருக்கும் இசையால் வருவது. இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாள் ஆட்டம் ஊமையாகிவிடும் என்ற பயம் இன்றுவரை விட்டபாடில்லை.

இந்தக் கோளாறு மூல நிரலோடு சேர்ந்தே பிறந்தது. 1993 டிசம்பரில் வந்த சுடும் ஆட்டமான டூமின் நிரலை அதை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேர் 1997 டிசம்பரில் வெளியிட்டது. டாஸ் பதிப்பில் இருந்த டிஎம்எக்ஸ் ஒலி நூலகம் பிறருடைய உரிமை என்பதால் அந்தப் பதிப்பைத் தர முடியவில்லை, லினக்ஸ் பதிப்பைத் தந்தார்கள். அதில் துப்பாக்கிச் சத்தத்துக்கும் அரக்கர்களின் உறுமலுக்கும் ஒரு தனி ஒலி சேவையக நிரல் உண்டு. இசைக்கான செயற்கூறுகளுக்கோ பெயர் மட்டும்தான், அழைத்தால் ஒன்றும் நடக்காது. இசை இன்னும் செய்யப்படவில்லை என்ற குறிப்பே நிரலுக்குள் இருக்கிறது. பின்னால் வந்த ஒவ்வொரு போர்ட்டும் (அந்த நிரலைப் புதிய கணினிகளுக்கு மாற்றியமைத்த பதிப்பு) அந்த வெற்றிடத்தைத் தன் வழியில் நிரப்ப வேண்டியிருந்தது.

அந்த நிரலின் மற்ற சிக்கல்களுக்கெல்லாம் நேரான விடை உண்டு. 64 பிட் கணினியில் கம்பைல் செய்தால் முதலில் இடிப்பது சுட்டிகளின் (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறிகள்) அளவு. டெக்ஸ்சர் (சுவர்ப் பரப்புப் படங்கள்) பட்டியலுக்கு நினைவகம் கேட்கும் வரிகளில் எண்ணிக்கையை 4ஆல் பெருக்கியிருப்பார்கள், இன்று ஒரு சுட்டிக்கு 8 பைட் வேண்டும். எண்ணைக் கையால் மாற்றாமல் அளவைத் தானே கணக்கிடும் சைஸ்ஆஃப் போட்டுவிடுவது நல்லது. ஆட்டத்தின் தரவெல்லாம் அடங்கிய வாட் கோப்பிலிருந்து அப்படியே படிக்கும் டெக்ஸ்சர் கட்டமைப்பின் நடுவே பயன்படாத சுட்டி ஒன்று கிடக்கிறது. அது 8 பைட்டாக வீங்கினால் அதற்குப் பின்னுள்ள எண்களெல்லாம் இடம் மாறிவிடும். அதை 4 பைட் முழு எண்ணாக மாற்றினால் சரியாகிவிடும். திரை 256 நிறப் பயன்முறையைக் கேட்கும், தனித் திரையைச் சாளரமாகக் காட்டும் ஸெஃபிர் நிரலில் 8 பிட் ஆழத்தில் ஒரு சாளரம் திறந்து கொடுத்தால் போதும். எல்லாம் காரணம் தெரிந்த, ஒருமுறை திருத்தினால் திரும்பி வராத பிழைகள்.

இசை அப்படிப்பட்டதல்ல. டூமின் பாடல்கள் மியூஸ் என்ற வடிவத்தில் இருக்கின்றன. அதில் ஒலி கிடையாது, எந்த வாத்தியம் எந்தச் சுரத்தை எப்போது வாசிக்க வேண்டும் என்ற கட்டளைகள் மட்டும்தான். விநாடிக்கு 140 துடிப்பு என்ற கணக்கில் அவை ஓடும். மிடியாக மாற்றும்போது தாளவாத்தியத் தடத்தையும் மாற்ற வேண்டும்: மியூஸில் அது 16 தடங்களில் கடைசி, மிடியில் 10ஆவது. இதைக் கவனிக்காத மாற்றியில் டிரம் அடி பியானோவாகக் கேட்கும்.

சரி, மாற்றியாயிற்று, வாசிப்பது யார்? அந்தக் காலத்தில் சவுண்ட் கார்டில் இருந்த சிப் வாசித்தது. இன்றைய மதர்போர்டு ஒலிச் சிப்புகளில் அந்த வேலைக்கு ஆளில்லை. விண்டோஸில் கட்டளைகளை ஒலியாக்கும் மென்பொருள் சிந்தசைசர் ஒன்று கூடவே வருவதால் அங்கே யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. லினக்ஸில் அதை நாமே கொண்டுவந்து வைக்க வேண்டும்.

வழக்கமான வழி ஃப்ளூயிட்சிந்த் என்ற சிந்தசைசர், கூடவே வாத்தியங்களின் ஒலி மாதிரிகள் அடங்கிய ஒரு சவுண்ட்ஃபான்ட் கோப்பு. சவுண்ட்ஃபான்ட்களில் ஃப்ளூயிட் ஆர்3 ஏறத்தாழ 140 எம்பி, டிம்ஜிஎம் 6 எம்பிக்குள் அடங்கும். இடம் இருந்தால் பெரியதையே போடுங்கள், கித்தார் வாசிப்பில் வித்தியாசம் உடனே தெரியும். முதல் ஏமாற்றம் ஒலி அளவு. ஃப்ளூயிட்சிந்தின் இயல்பான கெயின் (ஒலிப் பெருக்கம்) வெறும் 0.2. துப்பாக்கிச் சத்தத்தின் அடியில் இசை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. 0.6 வரை ஏற்றுங்கள். அதற்கு மேல் போனால் பல வாத்தியங்கள் ஒன்றாகச் சேருமிடத்தில் ஒலி உடைகிறது.

அடுத்த தொல்லை போர்ட் எண், அதாவது மிடிக் கட்டளைகள் சிந்தசைசருக்குள் நுழையும் வாயிலின் எண். பின்னணியில் ஓடும் ஃப்ளூயிட்சிந்துக்குப் பெரும்பாலும் 128:0 கிடைக்கும், டாஸ் கணினியைப் போலச் செய்யும் டாஸ்பாக்ஸின் அமைப்புக் கோப்பிலும் அதையே எழுதி வைப்போம். வேறொரு இசை மென்பொருள் முந்திக்கொண்டால் அது 129 ஆகிவிடும், ஆட்டம் மௌனம். ஏகனெக்ட் கட்டளையால் பட்டியலைப் பார்த்து எண்ணைத் திருத்த வேண்டியதுதான். பட்டியலே வரவில்லையென்றால் கெர்னலில் மிடிக் கட்டளைகளைக் கடத்தும் சீக்வென்சர் மாட்யூல் ஏறவில்லை என்று அர்த்தம்.

எல்லாவற்றையும்விட மோசமானது சத்தமில்லாத தோல்வி. எஸ்டிஎல் மிக்ஸர் என்ற ஒலி நூலகம் வழியாக இசைக்கும் போர்ட்டுகள் சவுண்ட்ஃபான்ட் கிடைக்காவிட்டால் டிமிடிட்டி என்ற இன்னொரு சிந்தசைசர் பக்கம் போகும், அங்கும் வாத்தியக் கோப்பு இல்லையென்றால் பேசாமல் இருந்துவிடும். டெர்மினலில் ஒரு வரி வந்திருக்கும், ஐகானைத் தட்டி ஆட்டத்தைத் திறப்பவர் அதை எப்படிப் பார்ப்பார்? ஃப்ரீபேட்ஸ் என்ற வாத்தியத் தொகுப்பு இருந்தால் இன்னொரு விதமான குழப்பம். அது முழுமையான தொகுப்பு அல்ல, இல்லாத வாத்தியத்தின் பகுதி அப்படியே விழுந்துவிடும். மெட்டு இருக்கும், பேஸ் இருக்காது. பாடலே அப்படித்தான் போலும் என்று நினைத்து ஆண்டுக்கணக்கில் விளையாடலாம்.

இவ்வளவு எரிச்சலுக்கும் நடுவே மனம் நிறைந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சாக்லேட் டூமின் அமைப்பு நிரலில் ஓபிஎல் (பழைய சவுண்ட் கார்டுகளில் இருந்த ஒலிச் சிப்) இசையைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். சவுண்ட்ஃபான்ட் வேண்டாம், பின்னணிச் சேவை வேண்டாம், போர்ட் எண்ணும் வேண்டாம். டூமின் வாட் கோப்புக்குள்ளேயே 175 வாத்தியங்களுக்கான ஓபிஎல் அளவீடுகள் இருக்கின்றன, போர்ட் அந்தச் சிப்பை மென்பொருளில் போலச் செய்து அவற்றை வாசிக்கிறது. ஓபிஎல்2இல் ஒரே நேரத்தில் 9 குரல்கள்தான். டிஎம்எக்ஸ் தெரிவில் ஓபிஎல்3 என்று கொடுத்தால் 18 ஆகும், நெரிசலான பாடல்களில் சுரங்கள் விழுவது குறையும். கரகரப்பான, உலோகம் உரசுவது போன்ற அந்த ஒலி எனக்கு 140 எம்பி சவுண்ட்ஃபான்டைவிடப் பிடிக்கிறது. எந்தப் புதுப்பிப்பும் இதுவரை அதைக் கெடுத்ததில்லை.

ஐடி சாஃப்ட்வேரின் இன்னொரு ஆட்டமான குவேக்கில் மிடி இல்லை, பாடல்கள் சிடியில் 2ஆம் தடத்திலிருந்து தொடங்கும் ஆடியோ தடங்கள். ஐஎஸ்ஓ பிம்பமாக எடுத்து வைத்தவர்களிடம் பாடல் இருக்காது, அந்த வடிவம் தரவுத் தடத்தை மட்டுமே சேமிக்கும். சிடிபாரனோயா நிரலால் தடங்களைப் பிரித்து, ஆக் ஒலிக் கோப்பாக்கி, குவேக்கின் ஐடி1 கோப்புறையின் உள்ளே மியூசிக் என்ற கோப்புறையில் டிராக்02 என்று தொடங்கும் பெயர்களில் வையுங்கள். பெயர்கள் எல்லாமே சிற்றெழுத்தில் இருக்கட்டும். சிடியிலிருந்து பேரெழுத்தில் வந்த பேக் (ஆட்டத்தின் தரவு) கோப்பின் பெயரையும் மாற்றிவிடுங்கள், லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு கோப்புகள்.

டாஸ்பாக்ஸ் பயன்படுத்துபவர்கள் ஸ்டேஜிங் என்ற கிளைப் பதிப்புக்கு மாறுவது புத்திசாலித்தனம். ஃப்ளூயிட்சிந்த் அதன் உள்ளேயே இருக்கிறது, அமைப்புக் கோப்பில் சவுண்ட்ஃபான்டின் பெயரைக் கொடுத்தால் போதும். போர்ட் எண் தலைவலி அதோடு தீர்ந்தது. எல்லாப் போர்ட்டுகளும் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

ஆட்டம் கண் முன்னே சிறு பிசகும் இல்லாமல் ஓடுகிறது, கட்டுப்பாடுகள் டாஸ் காலத்தைவிடச் சுகம். ஆனாலும் இன்றைய மனநிலையில், டெர்மினலைத் திறக்கத் தயங்கும் ஒருவருக்கு ஓபிஎல் வசதி இல்லாத எந்த டூம் போர்ட்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.