சனிக்கிழமை அரபி கிளாஸ், வேலூர்: எட்டு வாரம் போய்ட்டு வந்து எழுதுறேன்

மொதல்லயே சொல்லிடுறேன், இது அரபி பேச கத்துக் குடுக்குற கிளாஸ் கிடையாது. சவூதிக்கோ துபாய்க்கோ போறதுக்கு முன்னாடி நாலு வார்த்த கத்துக்கலாம்னு வர்றவங்களுக்கு இது ஒத்து வராது. நைஜீரியாவுல தென்மேற்குப் பக்கம் இருக்குற யொரூபா ஜனங்க அரபிய எப்படிப் படிச்சாங்க, எப்படி எழுதினாங்க, அது அவங்க பேச்சுல பாட்டுல கல்யாணத்துல எல்லாம் எப்படிப் போய் கலந்துச்சுன்னு சொல்ற கிளாஸ். எட்டு சனிக்கிழமை, மக்ரிப் (சாயங்கால) தொழுக முடிஞ்சு ஒன்றரை மணி நேரம், மொத்தம் 1,200 ரூபா, டீ சேத்து. எடம் வந்து ஆர்.என்.பாளையம் பக்கம் ஒரு சந்துல, ஜெராக்ஸ் கடை மாடி.

நடத்துறவரு காட்பாடி பக்கம் ஆராய்ச்சி படிக்க வந்தவரு, சொந்த ஊர் நைஜீரியாவுல இலோரின், வயசு முப்பதுக்குள்ள தான் இருக்கும். நாங்கல்லாம் உஸ்தாத்னு கூப்பிட்டோம், அவரு என்ன அண்ணான்னு கூப்பிட்டாரு, வந்த ஒரு வருஷத்துல அந்த வார்த்தைய நல்லா புடிச்சிகினாரு. இங்கிலீஷ்ல பேசுவாரு, பக்கத்துலயே நம்ம ஊர் மௌலவி ஒருத்தர் உக்காந்து தமிழ்ல எடுத்துச் சொல்வாரு.

நான் மேல்விஷாரம், ஷூ கம்பெனில கணக்கு பாக்குறேன். இதுக்கு முன்னாடி ஆன்லைன்ல ஒரு எடத்துல 4,500 ரூபா கட்டி ஏமாந்தவன், ஆறு பிடிஎஃப் அனுப்பிட்டு அதுக்கப்புறம் போனே எடுக்கல. அதனால மொத நாள் சந்தேகத்தோட தான் படி ஏறினேன்.

மொத கிளாஸ்லயே அந்த சந்தேகம் போயிடுச்சு. போர்டுல ஒண்ணும் எழுதாம, அவங்க ஊர்ல ஒருத்தர ஒருத்தர் எப்படி நலம் விசாரிப்பாங்கன்னு சொல்லிக் காட்டினாரு. "ஷே அலாஃபியா நி?" நல்லா இருக்கியான்னு அர்த்தம். அந்த அலாஃபியா நாம துஆ கேக்கும்போது சொல்ற ஆஃபியத் தான்! அதோட நிறுத்தல. துஆவுக்கு அங்க அதுரா, பரக்கத்துக்கு அலுபாரிகா, நாம அஞ்சு வக்துன்னு சொல்ற வக்து அங்க வகாத்தி, நேரம்னு அர்த்தம். வியாழக்கிழமைக்கு அலாமிசி. வெங்காயம் கூட அலுபோசா, அரபில பஸல்னு சொல்றது வடக்க இருக்குற ஹௌசா பாஷ வழியா எறங்கி வந்தது. மார்க்கெட்ல வெங்காயம் விக்கிறவங்களுக்கு அது அரபி வார்த்தைன்னு தோணவே தோணாதாம், வக்கீல், வசூல், பாக்கின்னு நாம பேசும்போது நமக்குத் தோணுதா?

இதுல என்ன ரொம்ப யோசிக்க வச்ச விஷயம் ஒண்ணு இருக்குது. இந்த வார்த்தைங்க முஸ்லிம்களோட மட்டும் நிக்கல. அங்க மொதல்ல பைபிள யொரூபாவுக்குக் கொண்டு வந்த சாமுவேல் அஜாயி குரோத்தர், பாதிரிக்கு அலுஃபான்னும் தீர்க்கதரிசிக்கு வோலின்னும் தான் போட்டாரு. அலுஃபான்னா அங்க ஏற்கனவே ஆலிம்சாவக் குறிக்கிற வார்த்த, வோலி நாம வலியுல்லான்னு சொல்ற வலி, அதாவது இறைநேசர். இன்னிக்கும் சர்ச்சுல அதே வார்த்தைங்க தான். எங்க பேட்ச்ல சிஎம்சில நர்ஸா இருக்குற ஒரு அக்கா வந்துகினு இருந்தாங்க, கிறிஸ்டியன், அவங்க தான் இதப் பத்தி நெறைய கேள்வி கேட்டாங்க. அந்தக் கிளாஸ் மணி ஒன்பதரை தாண்டிப் போச்சு, ஒருத்தரும் எழுந்திருக்கல.

மூணாவது வாரம் ஊர்ல இருந்து எடுத்துட்டு வந்த மரப்பலகையக் காட்டினாரு, வலான்னு பேரு. அங்க ஓதக் குடுக்குற எடத்துக்கு இலெ கேவுன்னு சொல்றாங்க, அங்க பசங்க இந்தப் பலகைல தான் மைய தொட்டு எழுதி மனப்பாடம் பண்ணிட்டு கழுவிட்டு அடுத்த பாடம் எழுதணும். மேல புடிக்கிறதுக்கு கைப்பிடி மாதிரி செதுக்கியிருக்கு, அந்த எடம் மட்டும் கை பட்டுப் பட்டு வழவழன்னு கருத்துப் போயிருந்துச்சு, அவரோட தாத்தா ஓதின பலகையாம். கைல வாங்கி மோந்து பாத்தேன், லேசா புகை வாசன. நோய்க்கு குர்ஆன் ஆயத்து (வசனம்) எழுதி கழுவின தண்ணியக் குடிக்கிற பழக்கம் அங்கயும் இருக்குன்னாரு. எங்க வீட்ல பீங்கான் தட்டுல குங்குமப்பூ கரைச்சி எழுதி, தண்ணி ஊத்திக் கலக்கி, காய்ச்சல்னு படுத்த புள்ளைங்களுக்கு எங்க நன்னி (பாட்டி) குடுக்கும். பின்னாடி வரிசைல இருந்த பொம்பளைங்க எல்லாரும் எங்க வீட்லயும் எங்க வீட்லயும்னு ஒரே நேரத்துல சொன்னாங்க.

வரலாறு பகுதி நல்லா இருந்துச்சு ஆனா வேகம் ஜாஸ்தி. இஸ்லாமுக்கு அவங்க பாஷைல இமாலேன்னு பேரு, மாலி தேசத்து வியாபாரிங்க வழியா வந்ததால அந்தப் பேருன்னு பெரும்பாலும் சொல்றாங்க. 19ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல ஷேக் அலிமின்னு ஃபுலானி இனத்து ஆலிம் ஒருத்தர் இலோரினுக்கு வந்தாரு, அப்புறம் அவரோட பசங்க கைல ஆட்சி வந்து, ஊர் அரபிப் படிப்புக்குப் பேர் போன எடமாச்சு, நமக்கு வேலூர் பாக்கியாத் மதரஸா மாதிரின்னு வச்சுக்குங்க. அடிமையா பிரேசிலுக்குப் பிடிச்சிட்டுப் போன யொரூபா முஸ்லிம்கள் 1835 ஜனவரில, ரமலான் மாசத்துல, அங்க பாயியாங்குற எடத்துல கிளம்பி எழுந்தாங்க. அந்தக் கலகத்துக்கே மாலேன்னு தான் பேரு, இமாலேங்குற அதே வார்த்த. அதுல இருந்தவங்க கிட்ட அரபில எழுதி மடிச்ச தாயத்துக் காகிதம் கெடச்சுதுன்னு உஸ்தாத் சொன்னப்ப ரூம்ல சத்தமே இல்ல. கடல் தாண்டி, சங்கிலில, பேர் மாத்தி, மதம் மாத்தினதுக்கு அப்புறமும் எழுத்த விடல.

1923ல லாகோஸ்ல அன்சாருத்தீன்னு சங்கம் ஆரம்பிச்சாங்க, மிஷன் ஸ்கூல்ல சேந்தா புள்ளைங்க மதம் மாறிடுமோன்னு பயந்து சொந்தமா ஸ்கூல் கட்ட. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919, கிட்டத்தட்ட அதே காலம். இத எடுத்து நான் சொன்னப்ப உஸ்தாத் நோட்ல குறிச்சிகினாரு. ஆனா ஆதம் அப்துல்லாஹ் அல் இலோரிக்கு பத்தே நிமிஷம் தான் ஒதுக்கினாங்க, அது எனக்கு வருத்தம். 1917ல பொறந்து 1992ல மௌத்தானவரு, லாகோஸ் பக்கம் அகேகேல மர்கஸ்னு ஒரு மதரஸா நடத்தி, மரப்பலகைக்குப் பதிலா பெஞ்சு, கரும்பலகை, பரிட்சை, சர்டிபிகேட்னு அரபிப் படிப்ப மாத்தினவரு, அரபிலயே அவ்ளோ புத்தகம் எழுதினவரு. அவருக்கு ஒரு முழு சனிக்கிழமை குடுக்கணும்.

பாட்டுக்கு ஒரு முழுக் கிளாஸ் குடுத்தாங்க, அது ரொம்ப சரி. ரமலான்ல சஹருக்கு எழுப்புறதுக்கு பசங்க தெருத்தெருவா பாடிகினு போவாங்களாம், அஜிசாரின்னு சொல்றாங்க. அதுல பாடி வளந்த சிக்கிரு அயிந்தே பாரிஸ்டர் தான் பின்னாடி அத ஃபூஜின்னு ஒரு தனி இசையாவே கொண்டு வந்தாரு. எங்க தெருவுல பக்கீர்சா தப்ஸ் அடிச்சிகினு வருவாரு, சின்ன வயசுல அந்த சத்தம் கேட்டு தான் எழுந்திருப்போம்.

இப்போ நான் எழுத உக்காந்த விஷயத்துக்கு வர்றேன். ஆறாவது வாரம் அஜமி, அதாவது யொரூபா பாஷைய அரபி எழுத்துல எழுதுறது, நம்ம பக்கம் தமிழ அரபி எழுத்துல எழுதுற அரபுத்தமிழ் மாதிரி. ரெண்டு பாஷைக்கும் எ, ஒ வேணும், அரபில ரெண்டும் இல்ல. நமக்கு ப, ட, ள, ங வேணும், அவங்களுக்கு க்பன்னு சேந்து வர்ற சத்தம் வேணும். இருக்குற எழுத்துலயே புள்ளி கூட்டி, குறி மாத்தி ரெண்டு பேரும் ஒப்பேத்திருக்காங்க. அவங்களுக்கு கூடுதலா ஒரு கஷ்டம், ஒக்கோன்னு ஒரே வார்த்தைய ராகம் மாத்திச் சொன்னா புருஷன், மண்வெட்டி, வண்டி, ஈட்டின்னு நாலு அர்த்தம், அந்த ராகத்துக்கு அரபில குறி கிடையாது, எடம் பாத்து தான் புரிஞ்சிக்கணும்.

அன்னிக்கு நான் நன்னியோட அரபுத்தமிழ் நோட்ட எடுத்துட்டுப் போயிருந்தேன். நன்னிக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது, ஆனா தமிழ அரபி எழுத்துல கடகடன்னு எழுதும். உஸ்தாத் நோட்ட வாங்கி, ஒரு வார்த்த தமிழ் தெரியாம, எழுத்தக் கூட்டிப் படிக்க ஆரம்பிச்சாரு. சு... க்கு. அடுத்தது தி-ன்னு ஆரம்பிச்சு நடுவுல நின்னுட்டாரு, புள்ளி கூட்டின ப அவருக்குத் தெரியல, மௌலவி எடுத்துக் குடுத்தாரு, திப்பிலி. பூண்டு. கருப்பட்டி. நல்லெண்ண. அதுக்குள்ள பின்னாடி இருந்து ஒரு பெரியம்மா, "யப்பா, இது புள்ள பெத்தவளுக்குக் கிண்டுற லேகியம்பா"ன்னாங்க. இலோரின்காரரு வாயில என் நன்னியோட லேகியம். எனக்குப் பேச்சே வரல.

கொறையும் சொல்லணும். பொம்பளைங்க வரிசை ரொம்பப் பின்னாடி, அங்க இருந்து பாத்தா போர்டு தெரியாது, கேட்டும் மாத்தல. குடுக்குற ஜெராக்ஸ் தாள் மங்கல், அரபில புள்ளி போச்சுன்னா பே எது தே எதுன்னு தெரியாது, அஜமி பக்கத்துல பாதிப் புள்ளி காணோம். கீழ கடைல தானே மெஷின் இருக்கு, டோனர் மாத்தி எடுத்துக் குடுக்கலாம். கரண்ட் போனா இன்வெர்ட்டர் இல்ல. வண்டி நிறுத்த எடமில்ல, பஸ்ஸுல வர்றது நல்லது. 5க்கு 4.5 தர்றேன், அந்த அரை மார்க் பொம்பளைங்க வரிசைக்காக.

கடைசி கிளாஸ்ல இலோரின்ல வீட்டு வீட்டுக்கு பழைய கையெழுத்துத் தாள் கட்டு இருக்கறதப் பத்தியும், இபாதான் பல்கலைக்கழகத்துல 1964லயே அரபி ஆவண மையம் வச்சு இந்த மாதிரி சுவடிய சேக்க ஆரம்பிச்சத பத்தியும் சொன்னாரு. எங்க நன்னி மௌத்தானப்ப மொத்தம் பதினோரு நோட்டு இருந்துச்சு, அரபி எழுத்து காலுல மிதிபடக் கூடாதுன்னு மரியாதையா பத்து நோட்ட பாலாத்துல தண்ணி வந்தப்ப விட்டுட்டாங்க. லேகியம் கிண்டணும்னு அம்மா ஒண்ண எடுத்து வச்சிகினதால தான் இது மிஞ்சிச்சு. அடுத்த பேட்ச் பக்ரீத் கழிச்சு ஆரம்பம், அதுல ஒரு சனிக்கிழமைய வீட்டு நோட்டுங்களுக்குன்னே ஒதுக்குறேன்னு உஸ்தாத் சொல்லியிருக்காரு. விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர்ல பரண் மேல இந்த மாதிரி நோட்டு வச்சிருக்கிறவங்க தண்ணில விடுறதுக்கு முன்னாடி ஒரு தடவ அங்க கொண்டாந்து காட்டிட்டுப் போங்க.